ரிப்பனின் மறுமுனை

ஆகஸ்ட் 4, திங்கள்

இந்த வீட்டில் தூங்குவதற்கென்றே பிறந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் அப்பா, இன்னொருத்தி அத்தை. ஒன்பதரைக்கு விளக்கை அணைத்தால் ஒன்பதே முக்காலுக்கு முன்னறையில் அப்பாவின் குறட்டை, மலையேறுகிற லாரி மாதிரி கிளம்பிவிடும். நடுவில் கியர் மாற்ற ஒரு நிறுத்தம், பிறகு இன்னும் பெரிய உறுமல். அத்தை அதற்கு 'உழைச்சவன் தூக்கம்' என்று பெயர் வைத்திருக்கிறாள். அத்தையோ சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தால் கட்டை. வீட்டுக்குள் இடி விழுந்தாலும் காலையில் யாராவது சொல்லித்தான் தெரிந்துகொள்வாள்.

அம்மாவுக்கு மில்லில் இரவு ஷிப்ட். சாயங்காலம் மில் பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போய் மறுநாள் காலை ஏழு மணிக்கு இறக்கிவிடும்.

ஆகவே விழித்திருக்கும் வேலை எனக்கு. யாரும் கொடுக்கவில்லை. கொடுக்கவேண்டும் என்று யாருக்கும் தெரியவும் தெரியாது.

என் தங்கை சொர்ணாவுக்கு ஆறு வயது. ஒன்றாம் வகுப்பு. வாயைத் திறந்துகொண்டு, கோழி போலக் கழுத்தைப் பின்னால் வளைத்துக்கொண்டு தூங்குவாள். குறட்டை விடுவாள். குறட்டை பரவாயில்லை, அது நின்றால்தான் பயம். நெஞ்சு ஏறும், வயிறு உள்ளே போகும், மூச்சு மட்டும் இருக்காது. என் பழைய சிவப்பு ரிப்பனின் ஒரு முனையை அவள் கால் கட்டைவிரலிலும் மறுமுனையை என் ஆள்காட்டி விரலிலும் கட்டியிருக்கிறேன். சத்தம் நின்றால் ஐந்து எண்ணுவேன். ஒரு இழுப்பு. முக்கித் திணறி ஒரு மூச்சு வாங்கித் திரும்பிப் படுப்பாள். மறுபடியும் முதலிலிருந்து.

பாசம் ஒன்றும் பொங்கி வழியவில்லை. போன வாரம்தான் என் காம்பஸை உடைத்தாள். ஆனால் பக்கத்தில் ஒருத்தி செத்துக் கிடக்க, காலையில் எழுந்து பல் தேய்க்க என்னால் முடியாது.

எழுதினால் தூக்கம் வராது என்று கண்டுபிடித்திருக்கிறேன். அப்பா வேலை பார்க்கும் லாரி எடைமேடையில் அச்சு கோணிப்போன ரசீதுப் புத்தகங்களைத் தூக்கிப் போடுவார்கள். பின்பக்கம் வெள்ளை. எழுதிவிட்டு அரிசி டிரம்முக்குப் பின்னால் சொருகிவிடுவேன். அத்தை கண்ணில் பட்டால் காதல் கடிதம் என்பாள். அவளுக்கு உலகத்தில் இரண்டு வகை எழுத்துதான் உண்டு, பரீட்சையும் காதல் கடிதமும்.

ஆகஸ்ட் 7, வியாழன்

பள்ளிக்கூடத்துக்கு மருத்துவக் குழு வந்தது. வரிசையில் நிற்கும்போதே சொர்ணா தூங்கி, முன்னால் நின்ற பிள்ளைமேல் சாய்ந்துவிட்டாளாம். ஒன்பதாம் வகுப்பிலிருந்து என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். டாக்டர் டார்ச் அடித்து அவள் தொண்டையைப் பார்த்தார். எனக்கும் காட்டினார். இரண்டு பக்கமும் நெல்லிக்காய் அளவுக்குச் சதை. நடுவில் இருந்த சந்தில் ஒரு பென்சில்கூடப் போகாது.

தூக்கத்தில் மூச்சு எப்படி இருக்கிறது என்று சோதிக்க வேண்டும், திருநெல்வேலிக்குக் கூட்டிப்போங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அத்தை அந்தச் சீட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கோபப்பட்டாள். பொட்டப்பிள்ளை குறட்டை விடுகிறது என்று ஊர் ஊராகக் காட்ட வேண்டுமா, நாளைக்கு எவன் கட்டுவான் என்று கேட்டாள். சொர்ணாவுக்கு இன்னும் பால் பல்லே விழுந்து முடியவில்லை.

அப்பா, "நானுந்தான் குறட்டை விடுதேன். நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்றார். இந்த வீட்டில் இதற்குப் பெயர் விவாதம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கணக்கு வகுப்பில் தூங்கிவிட்டேன். ராத்திரியெல்லாம் செல்போனா என்று டீச்சர் கேட்டார். ஆமாம் என்றேன். அதுதான் சுலபமான பதில்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

அம்மா சண்டை போடுகிற ஆள் இல்லை. நான்கு நாளாக அந்தச் சீட்டை அப்பாவின் தூக்குவாளி மூடிமேல் வைத்தாள். ஐந்தாவது நாள் அப்பா கிளம்பினார். நான் இல்லாமல் சொர்ணா பஸ் ஏறமாட்டாள். எனக்கும் லீவு.

அங்கே இருபது கேள்விகள் அச்சடித்த ஒரு தாள் கொடுத்தார்கள். குழந்தை குறட்டை விடுமா? தூக்கத்தில் மூச்சு நின்று பார்த்திருக்கிறீர்களா? படுக்கையை நனைக்குமா? பகலில் தூங்கி விழுமா? ஒவ்வொன்றுக்கும் எதிரே தினமும், அடிக்கடி, எப்போதாவது, இல்லை என்று நான்கு கட்டம்.

கிளம்பும்போது அத்தை வாசல்வரை வந்து சொல்லி அனுப்பியிருந்தாள்: "கையெழுத்து போடுத கடுதாசில எதையும் ஒத்துக்கிடாத. நாளைக்குப் பொண்ணு கேட்டு வாரவன் கைக்குப் போயி நிக்கும்." அப்பாவும் இருபதுக்கும் 'இல்லை' கட்டத்தில் டிக் போட்டார். ஒரு டிக்கூடக் கோட்டைத் தாண்டவில்லை. எடைச் சீட்டு எழுதுகிற கை.

டாக்டர் அம்மா தாளைப் படித்தார். படித்துக்கொண்டிருக்கும்போதே எதிர் நாற்காலியில் சொர்ணா வாயைப் பிளந்து தூங்கிக் குறட்டை விட ஆரம்பித்தாள். அந்தச் சத்தத்துக்கு மேலே அப்பா இருமினார். அவள் சத்தம் கூடக்கூட இவர் இருமலும் கூடியது. டாக்டருக்குச் சிரிப்பு வந்ததைப் பார்த்தேன்.

"சரி, நீங்க இல்லைன்னு எழுதியிருக்கீங்க. மெஷின்கிட்ட கேட்டுப் பாத்திருவோம்" என்றார்.

அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இருபது வருஷம் எடைமேடையில் உட்கார்ந்தவர். மனுஷன் சொன்னால் நம்பமாட்டார், மெஷின் சொன்னால் சரி.

தாளை அப்பாவிடம் கேட்டார்கள், தொண்டையைச் சொர்ணாவிடம் கேட்டார்கள். என்னிடம் தண்ணீர் பாட்டிலைக் கேட்டார்கள். கொடுத்தேன்.

ஆகஸ்ட் 16, சனி

மூச்சை எண்ணுகிற வாடகைப் பெட்டி வீட்டுக்கு வந்தது. அதைக் கொண்டுவந்தவள் அருள்ஜோதி என்கிற டெக்னீசியன். எங்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு நன்றாகக் காற்று வருகிறதே என்றாள். கயத்தாற்றில் காற்றைப் பாராட்டுவது கடலில் தண்ணீரைப் பாராட்டுவது போல. ஊரைச் சுற்றி அத்தனை காற்றாலைகளை எதற்கு நட்டு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தாளோ.

சொர்ணாவுக்கு விரலில் சிவப்பாக ஒளிர்கிற கிளிப், மூக்கில் ஒரு குழாய், நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டை. கோயில் கொடைக்கு ஜோடித்த ஆட்டுக்குட்டி மாதிரி பெருமையாகப் படுத்துக்கொண்டாள்.

போகும்போது அருள்ஜோதி சொன்னாள்: "தினமும் எப்படித் தூங்குவாளோ அப்படியே தூங்கட்டும். புதுசா எதையும் மாத்திராதீங்க." பெட்டியைக் காலையில் வந்து எடுத்துக்கொள்வாளாம்.

எதையும் மாற்றவில்லை. எல்லோரும் தூங்கியதும் ரிப்பனைக் கட்டினேன்.

காற்று பலமாக அடிக்கிறது, ஜன்னல் தடதடக்கிறது. மூச்சுச் சத்தம் சரியாகக் கேட்கவில்லை. அதனால் ஐந்துவரை எண்ணாமல் மூன்றிலேயே இழுக்கிறேன். வாடகைப் பெட்டி பார்த்துக்கொண்டிருக்கும்போது இவள் செத்துத் தொலைத்தால் அப்பாவுக்கு அவமானம். நாற்பது வரை கணக்கு வைத்திருந்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 20, புதன்

மணிக்கு இரண்டு தடவைதான் மூச்சு தடைபடுகிறதாம். இது பெரிதாகப் பயப்படுகிற அளவு இல்லையாம். டாக்டர் அம்மா போனில் குழம்பினாராம், தொண்டையைப் பார்த்தால் ஒன்று சொல்கிறது, ரிப்போர்ட் வேறு சொல்கிறது என்று. ஆபரேஷனுக்கு இப்போது அவசரமில்லை, ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்று சொல்லிவிட்டார்.

அப்பா ரிப்போர்ட்டைச் சாமி படத்துக்குக் கீழே வைத்தார். "மெஷினே சொல்லிட்டு. இனி என்ன பேச்சு?"

அத்தை எனக்கு ஒரு தோசை கூடுதலாகப் போட்டாள். அவ்வளவு சந்தோஷம்.

முட்டாள் பெட்டி. என் தங்கை பக்கத்தில் ராத்திரி முழுக்கப் படுத்திருந்து மணிக்கு இரண்டுதான் பார்த்திருக்கிறது. அத்தையைப் போலச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டதோ என்னவோ. ஆறு மாதமாம். இன்னும் ஆறு மாதம் நான் எப்படி விழித்திருப்பேன்?

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மத்தியானம் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். நாற்காலியில் தலை தொங்கத் தூங்கிக்கொண்டிருந்தார். எப்போது போனாலும் இதே காட்சிதான். ஒரு சுண்ணாம்புக்கல் லாரி வந்து ஹாரன் அடித்ததும் எழுந்தார்.

எடைமேடை என்பது ரோட்டோரம் தரையோடு தரையாகப் பதித்த ஒரு பெரிய இரும்புத் தட்டு. லாரி அதன்மேல் ஏறி நின்றால் அறைக்குள் எண் விழும். அப்பா எண்ணைப் பார்த்தார், சீட்டு எழுதவில்லை. வெளியே போய் லாரியைச் சுற்றி வந்தார். பின்பக்க நிழலில் கிளீனர் தட்டின்மேல் நின்று பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான். அவனை ஏசி இறக்கிவிட்டார். எண்ணில் அறுபது கிலோ குறைந்தது.

உள்ளே வந்து தூக்குவாளியைத் திறந்துகொண்டே பெருமையாகச் சொன்னார்: "மெஷின் பொய் சொல்லாது பாத்துக்கோ. தட்டுல எவன் நிக்கானோ அவன்தான் பொய் சொல்லுவான்."

எனக்கும் ஒரு வாய் சாப்பிடச் சொன்னார். வேண்டாம் என்று வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். வெயில்தான் காரணம்.

அதே நாள், இரவு

ரிப்பன் கட்டாமல் படுத்துப் பார்த்தேன். அரை மணி நேரம். கட்டிவிட்டேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

மெஷின்மேல் தப்பு இல்லை. எழுதியாகிவிட்டது. இதற்குமேல் இதைப் பற்றி எழுதப்போவதில்லை.

எழுதாமலும் இருக்க முடியவில்லை. சொல்லாவிட்டால் சாமி படத்துக்குக் கீழே இருக்கிற பொய்த் தாளை நம்பிக்கொண்டு ஆறு மாதம் சும்மா இருப்பார்கள். சொன்னால் மறுபடியும் பெட்டி வரும், ரிப்பனைப் பிடுங்குவார்கள். பிடுங்கிவிட்டால் அந்த ராத்திரி இவளை யார் எழுப்புவது? அப்பாவா? அத்தையா? சிரிப்பு வருகிறது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

நேற்று தூங்கிவிட்டேன்.

பதினொன்று அடித்தது ஞாபகம் இருக்கிறது. விழித்தபோது சேவல் கூவிக்கொண்டிருந்தது. ரிப்பன் என் விரலில் இல்லை. சொர்ணா பக்கம் திரும்பிப் பார்க்க எனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. கை வைத்துப் பார்த்தேன். பாய் ஈரம். அவள் சூடாக இருந்தாள். குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

ஐந்து மணி நேரம் நான் இழுக்கவில்லை. அவள் சாகவில்லை. இதை நல்ல செய்தி என்று எழுத வேண்டும். எழுத வரவில்லை.

காலையில் அவள் இட்லித் தட்டிலேயே முகம் கவிழ்ந்து தூங்கினாள். சட்னி மூக்கில் ஏறித் திணறி எழுந்தாள். அத்தை தும்பைப் பூ மாதிரி பிள்ளை என்று கொஞ்சித் துடைத்துவிட்டாள். உதடு நாவல்பழம் தின்றது போல இருந்தது அத்தைக்குத் தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரிந்தது. மில் பஸ்ஸிலிருந்து இறங்கிப் பஞ்சு ஒட்டிய தலையோடு அப்படியே நின்று அவளையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

ஆகஸ்ட் 30, சனி

சொல்லிவிட்டேன்.

வீட்டில் சொன்னால் அத்தை நடுவில் புகுந்து ஒப்பாரி வைப்பாள் என்று எடைமேடைக்கே போனேன். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பினேன். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனது மறந்துவிட்டது.

"மெஷின்ல தப்பு இல்லப்பா. தட்டுல நான் நின்னுட்டேன்."

அவருக்குப் புரியவில்லை. பாவாடைப் பையிலிருந்து ரிப்பனை எடுத்து மேஜைமேல் வைத்தேன். எதை எதில் கட்டுவேன், எத்தனை எண்ணுவேன், எப்போது இழுப்பேன், பெட்டி வந்த ராத்திரி மூன்றிலேயே இழுத்தது எல்லாவற்றையும் சொன்னேன். வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்தது. அப்பா எழுந்து போகவில்லை. இன்னொரு தடவை அடித்தது. அவர் லாரியைக் காக்கவைத்து நான் பார்த்ததே இல்லை.

"எத்தன நாளா?" என்றார்.

"ரெண்டு வாரமா."

என் கையை இழுத்து ஆள்காட்டி விரலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அடிப்பக்கம் மோதிரம் கழற்றிய இடம் மாதிரி ஒரு கறுப்புக் கோடு. பொங்கலிலிருந்து இருக்கிறது. அவர் விரலை விடவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், அதற்கு நான் தயாராகத்தான் போயிருந்தேன்.

பிறகு திருநெல்வேலிக்குப் போன் போட்டார். சீட்டில் எண் தப்பிப்போனால் லாரிக்காரரிடம் ஒத்துக்கொள்ளும்போது வருகிற குரல்தான் வந்தது. "மேடம், எட தப்பாப் போச்சு. திரும்பப் போடணும்." அந்தப் பக்கம் என்ன கேட்டார்களோ, அப்பா சொன்னார்: "பிள்ள மேல தப்பு இல்ல. அந்தக் கேள்வித் தாள்ல நான் போட்ட டிக்கும் தப்புதான். இருவதும்."

செப்டம்பர் 6, சனி

திருநெல்வேலியில் ஆஸ்பத்திரி அறை. சொர்ணாவுக்கு இந்தத் தடவை தலையிலும் வயர். பக்கத்து அறையில் திரைக்கு முன்னால் அருள்ஜோதி ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பாள். துணைக்கு ஒருவர்தான் என்றார்கள். அப்பா, பெரியவள் இல்லாமல் சின்னவள் தூங்கமாட்டாள், நான் இல்லாமல் பெரியவள் சும்மா இருக்கமாட்டாள் என்று வாதாடி இரண்டு பேராக உள்ளே வந்துவிட்டோம். ரிப்பனை அருள்ஜோதி கேட்டு வாங்கி அப்பாவின் சட்டைப் பையில் போட்டாள்.

முன்பு அப்பா பொய் சொன்ன அதே இருபது கேள்வியை இன்று என்னிடம் கேட்டாள். கேட்டு முடித்துவிட்டுப் பேனாவை மூடினாள்.

"ரிப்பன் கட்டுததுக்கு முன்னால அவள யாரு எழுப்பினா?"

யாரும் இல்லை என்றேன்.

"அவ உடம்புதான் எழுப்பிச்சு. மூச்சு நின்னா உள்ள ஒரு மணி அடிக்கும், அவளே முழிச்சு மூச்சு வாங்கிருவா. ராத்திரி பூரா அது அடிச்சிக்கிட்டே இருக்கதாலதான் பகல்ல தூங்கி விழுதா. அது எத்தன தடவ அடிக்குன்னு நாங்க எண்ணணும். நீ முந்திக்கிட்டா எப்படி எண்ண?" ஆக்சிஜன் எவ்வளவு என்று திரையில் பார்த்துக்கொண்டே இருப்பாளாம், ரொம்பக் குறைந்தால் ஓடி வருவாளாம்.

எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. எட்டு மாதம் நான் பார்த்த வேலையை ஒரு மணி பார்த்துக்கொண்டிருந்தது என்று இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள். கணக்கில் நான் வாங்கிய முட்டைக்கெல்லாம் அந்த மணியா வந்து பதில் சொல்லும்?

சொர்ணா பத்து மணிக்குத் தூங்கினாள். அப்பாவும் நானும் பெஞ்சில். இங்கே காற்று இல்லை, ஜன்னல் இல்லை. எல்லாம் கேட்டது. குறட்டை. குறட்டை. நின்றது.

அப்பா இதை இதுவரை கேட்டதில்லை. முதலில் அவருக்குப் புரியவே இல்லை, சத்தம் நின்றதும் நிம்மதியாகத் தலையாட்டினார். நான் எண்ணினேன், உதடு அசையாமல். ஐந்து. என் விரல் தானாக மடங்கியது. கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன். எட்டு. அவள் நெஞ்சு ஏறியது, வயிறு உள்ளே போனது. பத்து. அப்பாவின் முகம் மாறியது. பன்னிரண்டு. பாதி எழுந்து கையை அவள் காலைப் பார்த்து நீட்டினார்.

நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"தட்டுல கால் வைக்காதீங்கப்பா."

பதினான்கு. பதினைந்து. அவர் நாடி என் கைக்குள் அடித்தது. பதினேழில் சொர்ணா முக்கித் திணறி, தானே ஒரு மூச்சு வாங்கித் திரும்பிப் படுத்தாள்.

அவளுக்குள் மணி இருப்பது உண்மைதான்.

அப்பா உட்கார்ந்தார். நான் கையை விடவில்லை, அவரும் இழுக்கவில்லை. அடுத்தது நின்றபோது இரண்டு பேரும் சேர்ந்து எண்ணினோம். விடியும்வரை இந்த அறையில் குறட்டை விட்டது ஒருத்திதான்.

செப்டம்பர் 10, புதன்

மணிக்குப் பத்தொன்பது.

காலாண்டுப் பரீட்சை முடிந்ததும் இருபத்தொன்பதாம் தேதி ஆபரேஷன். தொண்டைச் சதையை எடுத்துவிட்டால் அநேகமாகச் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னார். அதுவரை ஒருக்களித்துப் படுக்கட்டும், ரிப்பன் வேண்டாம் என்றார்.

அத்தை பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறாள், அன்றைக்கே நான் தலைதலையாக அடித்துக்கொண்டேன், இந்தப் பிள்ளைக்கு மூச்சில்தான் கோளாறு என்று. நான் மறுக்கவில்லை. மறுத்தால் நாளைக்குத் தோசை குறையும்.

அதே நாள், இரவு

அப்பா பாயைச் சுருட்டிக்கொண்டு எங்கள் அறைக்கு வந்துவிட்டார். ஆபரேஷன் வரைக்கும் இனிமேல் காவல் அவருடையதாம். "நீ தூங்கு. உனக்குப் பரீட்சை கெடக்கு" என்றார். டாக்டர் வேண்டாம் என்ற ரிப்பனைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துத் தன் விரலில் கட்டிக்கொண்டார். இழுக்கமாட்டாராம், சும்மா ஒரு இதுக்குத்தானாம்.

ஒன்பதே முக்காலுக்கு லாரி கிளம்பிவிட்டது.

காவலாம். விரலில் ரிப்பன், வாய் திறந்து, மல்லாந்து. சொர்ணா ஒருக்களித்துப் படுத்து அவரைவிட அமைதியாகத் தூங்குகிறாள். நான் எழுதி முடித்துவிட்டு நிஜமாகவே தூங்கலாம் என்று பேனாவை மூடினேன்.

அப்போது அப்பா கியர் மாற்ற நின்றார்.

சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தவரை இவ்வளவு நாள் சத்தத்தால் மட்டும்தான் தெரியும். இப்போது பக்கத்தில் இருக்கிறார். நெஞ்சு ஏறுகிறது. வயிறு உள்ளே போகிறது. எடைமேடை நாற்காலியில் தொங்குகிற அந்தத் தலை ஞாபகத்துக்கு வந்தது.

எட்டு. ஒன்பது. பத்து. பதினொன்று.

நாளைக்கு அந்த இருபது கேள்விகளையும் இவருக்கு நான்தான் நிரப்ப வேண்டும். 'இல்லை' கட்டத்தில் ஒரு டிக்கூட விழாது.

பதினாறு.

இன்னொரு ரிப்பன் எங்கே கிடக்கிறது என்று தேட வேண்டும்.